இடதுபக்கம் தொங்கிய உறை

வேலைக்குச் சேர்ந்த அன்று எங்களிடம் முதலில் கேட்டது படிப்பை அல்ல, உடுத்தியிருந்த துணியை. நைலான், பாலியஸ்டர் போட்டிருந்தவர்களைத் தனியாக நிற்கவைத்தார்கள். நானும் அந்த வரிசையில்தான் நின்றேன். நாளையிலிருந்து பருத்தி மட்டும்தான், உள்ளாடை உட்பட, என்று சொல்லி எல்லோருக்கும் ஒரு நீல மேலங்கி கொடுத்தார்கள்.

செங்கல்பட்டைத் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே போகிற ஒரு தொழிற்பேட்டையில் இருந்தது அந்தக் கம்பெனி. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு மருந்தை அளவு தப்பாமல் ஏற்றுகிற சின்ன இயந்திரம் கட்டிலோரம் நிற்குமே, அதற்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டைத்தான் நாங்கள் செய்தோம். மாமல்லபுரத்திலிருந்து விடியற்காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பும் கம்பெனி பஸ், திருக்கழுக்குன்றம் வழியாக எங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

முதல் வாரம் முழுக்கப் பயிற்சி. சொல்லிக்கொடுத்தவர் ஒரு சீப்பை எடுத்து, எண்ணெய் வைக்காத தலையில் நாலு தடவை இழுத்து, மேசையில் கிழித்துப் போட்ட காகிதத் துணுக்குகளுக்கு மேலே பிடித்தார். துணுக்குகள் எழும்பிப்போய் ஒட்டிக்கொண்டன. பள்ளிக்கூடத்தில் பார்த்ததுதான். ஆனால் ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எல்லாப் பொருளிலும் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சரிசமமாக இருப்பதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. இரண்டு பொருள் உரசிப் பிரியும்போது ஒன்றிலிருந்து கொஞ்சம் எலக்ட்ரான் மற்றதற்குப் போய்விடுகிறது. கொடுத்தது நேர் பக்கம் சாய்கிறது, வாங்கிக்கொண்டது எதிர் பக்கம். உலோகமாக இருந்தால் அது உடனே ஓடிப் பரவிவிடும், வழி கிடைத்தால் மண்ணுக்கு இறங்கிவிடும். பிளாஸ்டிக்கில் ஓட முடியாது. ஏறிய இடத்திலேயே நிற்கும்.

“நீங்க நடந்து வந்து கதவைத் தொட்டா சுருக்குனு ஒரு ஷாக் அடிக்குதே, அது உங்களுக்கு எறும்புக்கடி,” என்றார் அவர். “அதுல நூத்துல ஒரு பங்கு போதும், இந்தச் சிப்பு செத்துரும். உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.”

அதற்காகத்தான் மணிக்கட்டில் ஒரு பட்டை. அதிலிருந்து சுருள் கம்பி ஒன்று மேசைக்குப் போகும், மேசையிலிருந்து எர்த்துக்கு. உள்ளே நுழையும்போது சோதனைப் பெட்டியில் விரலை வைத்துப் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்து, நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாளும் நான் தவறியதில்லை.

தவற முடியாத நிலையில் இருந்தேன். என் வீட்டுக்காரர் மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் கிரைண்டர் பிடிப்பவர். பதினாறு வருடம் கருங்கல் தூளைச் சுவாசித்தவர். இரண்டு வருடமாக அவரால் மாடிப்படி ஏற முடியவில்லை. நுரையீரலில் கல்தூள் படிந்து தழும்பாகிவிட்டது, இனி அதை எடுக்க வழியில்லை, மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருடைய பட்டறையில் எந்தக் காப்பீடும் கிடையாது. என் வேலையில் ஒரு தொழிலாளர் காப்பீட்டு அட்டை உண்டு. அதில் அவர் பெயரும் இருந்தது. ஸ்கேன், மருந்து, படுக்கை எல்லாம் அந்த அட்டையில்தான் நடந்தன. வேலை போனால் அட்டையும் போகும். இதை நினைக்காமல் நான் ஒரு நாளும் பஸ் ஏறியதில்லை.

என்னுடையது ஆறாவது மேசை. காலை ஷிப்ட் நான், பிற்பகல் ஷிப்ட் இன்னொரு பெண். கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வருவாள். என்னைவிட ஆறேழு வயது சின்னவள். பள்ளிக்குப் போகும் ஒரு பெண் குழந்தை இருந்தது, புருஷன் இல்லை. ஷிப்ட் மாறும் பத்து நிமிடம்தான் எங்கள் சிநேகிதம். அவள் இடதுகைக்காரி. நான் வலப்பக்கம் வைத்துவிட்டுப் போவதையெல்லாம் அவள் வந்ததும் இடப்பக்கம் மாற்றுவாள். மறுநாள் காலையில் நான் மறுபடி வலப்பக்கம் மாற்றுவேன். “அக்கா, நம்ம ரெண்டு பேரும் இந்த டேபிள தெனம் வூடு மாத்திகினு கீறோம்,” என்று சிரிப்பாள்.

மேசையின் இடது ஓரத்தில் ஒரு கம்பித் தாங்கி உண்டு. எந்தப் பாகத்தை எங்கே வைப்பது என்று சொல்லும் வேலைக் குறிப்புத் தாள் அதில் தொங்கும். அந்தத் தாளுக்குப் போடும் உறை வெளிர் ரோஜா நிறத்தில் இருக்கும். மின்னூட்டத்தைப் பிடித்துவைக்காத தனி வகை. ஒரு திங்கட்கிழமை எங்கள் மேசையின் உறை அடியில் கிழிந்து தாள் நழுவிக்கொண்டே இருந்தது. ஸ்டோரில் கேட்டேன், இருப்பு இல்லை, வரும் என்றார்கள். செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரருக்கு ஸ்கேன். அரை நாள் விடுப்பு வாங்கி ஆஸ்பத்திரி போய்விட்டு, நேராக வேலைக்கு வந்தேன். கையில் ஸ்கேன் கோப்பு. அதில் கண்ணாடி மாதிரி தெளிவான ஒரு பிளாஸ்டிக் உறை காலியாக இருந்தது. அளவும் சரியாக இருந்தது. கிழிந்ததை எடுத்துவிட்டுக் குறிப்புத் தாளை அதில் போட்டுத் தொங்கவிட்டேன். புது உறை வந்ததும் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அன்று மாலை ஸ்கேன் முடிவு வந்தது. அதற்குப் பிறகு அந்த உறையை நான் நினைக்கவே இல்லை.

இரண்டு வாரத்தில் போர்டுகள் சாக ஆரம்பித்தன. கடைசிச் சோதனையில் சிவப்பு விளக்கு. கழற்றிப் பார்த்தால் பாகம் எல்லாம் சரி, சால்டரிங் எல்லாம் சரி, சிப்பு மட்டும் பேச்சு மூச்சில்லை. ஒன்று, இரண்டு, பிறகு ஒரே நாளில் நாலு. எல்லாம் ஆறாவது மேசை வழியாக வந்தவை. லைன் சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் நிறுத்திக் கேட்டார்.

“ஸ்ட்ராப் போடறீங்களா இல்லையா?”

“போடறோம் சார்.”

“அப்ப சிப்பு தானா தூக்கு மாட்டிக்குதா?”

மணிக்கட்டுப் பட்டையை மாற்றினார்கள். மேசை விரிப்பை மாற்றினார்கள். எர்த் கம்பியை எலக்ட்ரீஷியன் நுனியிலிருந்து நுனிவரை சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தது. செத்தவற்றைக் கணக்குப் பார்த்தபோது என் ஷிப்டில் இரண்டு, அவள் ஷிப்டில் பதினொன்று. கையெழுத்து நோட்டைப் புரட்டினார்கள். இரண்டு நாள் அவள் கையெழுத்து இல்லை.

“ட்ரெய்ன் லேட்டு சார். ஓடியாந்தேன். பச்ச லைட்டு பாத்துட்டுதான் உள்ள போனேன், கையெழுத்துதான் மறந்துட்டேன்,” என்றாள்.

“மறந்தது கையெழுத்தா ஸ்ட்ராப்பான்னு யாருக்குத் தெரியும்?”

அவள் என்னைப் பார்த்தாள். அவள் பட்டை போடாமல் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை என்று எனக்குத் தெரியும். தினமும் நான் கழற்ற, அவள் மாட்டுவாள். சொல்லியிருக்கலாம். அடுத்து என் இரண்டு போர்டுகளைப் பற்றிக் கேட்பார்களோ என்ற பயத்தில் தரையைப் பார்த்தேன். மறுநாள் பிற்பகல் ஷிப்டுக்கு வேறொரு பெண் வந்தாள். கூடுவாஞ்சேரிக்காரியை வேலைக்குச் சேர்த்துவிட்ட ஒப்பந்தக்காரர், இனி வர வேண்டாம் என்று அவளிடம் போனில் சொல்லிவிட்டார். அவள் ஷிப்டில் செய்த போர்டுகளையெல்லாம் அனுப்பாமல் நிறுத்திவைத்தார்கள். என் ஷிப்ட் போர்டுகள் வழக்கம்போலப் பெட்டி கட்டிப் போயின.

அவள் போய் மூன்றாம் நாள். வேலைக்கு நடுவே துடைக்கும் தாளைப் பாதியாகக் கிழித்தேன். கிழித்த ஓரத்திலிருந்து மெல்லிய நார் ஒன்று காற்றில் எழும்பியது. கீழே விழும் என்று பார்த்தேன். விழவில்லை. பக்கவாட்டில் நகர்ந்து, போகப் போக வேகம் கூடி, குறிப்புத் தாளின் உறைமேல் போய் ஒட்டிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தால் உறை முழுக்க அப்படிப்பட்ட நார்கள். ஏ.சி. காற்றில் அது ஓயாமல் ஆடித் தாங்கிக் கம்பியில் உரசிக்கொண்டிருந்தது. புறங்கையை மெதுவாக அதன் அருகே கொண்டுபோனேன். கையிலிருந்த பூனை முடி அத்தனையும் எழுந்து நின்றது.

யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நாங்கள் பட்டை கட்டி எங்கள் உடம்பில் சேர்வதை மண்ணுக்கு இறக்கிக்கொண்டிருந்தோம். இதற்கு யார் பட்டை கட்டுவது? கட்டினாலும் இறங்காது. இடதுகைக்காரி போர்டை இடப்பக்கம் வைத்துத்தான் வேலை செய்வாள், உறைக்கு ஒரு சாண் தள்ளி. நான் வலப்பக்கம். அவளுக்குப் பதினொன்றும் எனக்கு இரண்டும் ஆன கதை அவ்வளவுதான்.

உணவு இடைவேளையில் எல்லோரும் எழுந்த பிறகு உறையைக் கழற்றி மடித்து மேலங்கிக்குள் வைத்துக்கொண்டேன். ஸ்டோரில் போய்க் கேட்டேன். ரோஜா உறை வந்து ஒரு வாரமாகிறது, நீங்கள்தான் வந்து வாங்கவில்லை என்றார்கள்.

அன்றிலிருந்து ஒரு போர்டும் சாகவில்லை.

நான் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது. “பாத்தியாமா?” என்றார் சூப்பர்வைசர். “அவ போனா, எல்லாம் நின்னுபோச்சு. நான் அப்பவே சொன்னேன்.” லைனில் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். அவள் சிடுசிடுப்பு, அவள் லேட்டு, அவளுக்கு வேலையில் மனசில்லை. அவள்மேல் இருந்த சந்தேகத்தை நான் உறையைக் கழற்றிய அந்த ஒரு நிமிடம் உறுதியாக்கிவிட்டது. நான் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. உறையை வீட்டு பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். ஏன் தூக்கிப் போடவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

அப்படிப் பதினோரு நாள் போயிற்று. சாப்பாடு இறங்கவில்லை. பஸ்ஸில் ஏறினால் திருக்கழுக்குன்றம் வருவதற்குள் மனசுக்குள் நாலு தடவை சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுவேன். கம்பெனி வாசலில் இறங்கும்போது வீட்டுக்காரரின் இருமல் காதில் கேட்கும். உள்ளே போய் விரலை வைப்பேன், பச்சை விளக்கு எரியும், கையெழுத்துப் போடுவேன்.

அந்த நாட்களில்தான் தர அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்து எங்களுக்குக் கூட்டம் போட்டார். இளம் பெண், மெதுவாகப் பேசுவார். “செத்துப்போன போர்டு பத்தி எனக்குக் கவலையில்ல,” என்றார். “செத்தது டெஸ்ட்ல மாட்டிக்கும். அடிபட்டும் சாகாம இருக்கே, அதான் ஆபத்து. டெஸ்ட்ல நல்லாதான் காட்டும். ஆறு மாசம் ஓடும். அப்புறம் ஒருநாள் நிக்கும், இல்ல தப்பான அளவு காட்டும். அப்ப அது ஒரு பேஷண்ட் பக்கத்துல இருக்கும்.”

நான் விரல்களைக் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் ஷிப்ட் பெட்டிகள் எத்தனை போயிருக்கும் என்று எண்ணப் பார்த்தேன். எண்ண முடியவில்லை.

பத்தாம் நாள் வீட்டுக்காரருக்குக் காய்ச்சலோடு மூச்சுத் திணறல் வந்தது. காப்பீட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மறுநாள் மதியம் வேலை முடிந்து போனபோது அவருக்குக் கொஞ்சம் தேவலை. கட்டிலோரம் அந்த இயந்திரம் நின்றது. எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் போர்டுதானா வேறு கம்பெனியுடையதா, தெரியாது. வெளியே ஒட்டியிருந்த பெயர் எனக்குப் பழக்கமில்லாதது. ஆனால் அவர் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இத்த எம் பொண்டாட்டி கம்பெனிலதான் செய்றாங்கோ. உள்ள கீற போர்டு. ரொம்ப சுத்தமான வேல. துணியக்கூட பாத்துதான் உள்ள வுடுவாங்கோ.”

பக்கத்துக் கட்டில்காரர் என்னை மரியாதையோடு பார்த்தார். அவருக்கும் ஒரு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அது பீப் பீப் என்று கத்தியது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். நர்ஸ் வந்து ஒரு பொத்தானை அழுத்தினார். “மருந்து முடிஞ்சிருச்சு, அதான்,” என்று சொல்லிப் பாட்டிலை மாற்றினார்.

“இன்னாமே ஆச்சு ஒனக்கு? மூஞ்சே சரியில்ல,” என்றார் என் வீட்டுக்காரர்.

அவரிடம் சொன்னேன். வராந்தாவுக்குக் கூட்டிப்போக முடியாது, அதனால் காதோரம் குனிந்து சொன்னேன். உறை, நார், அவள், பதினோரு நாள், போய்விட்ட பெட்டிகள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“சொன்னா வேல பூடுமா?”

“பூடும்.”

“அட்ட?”

“அதுவும்தான். கொஞ்ச மாசம் ஓடும்ன்றாங்க, அப்புறம் இல்ல.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். சொல்லு என்பார், அந்தத் தைரியத்தில் போய்ச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். சொல்லாதே என்பார், அந்தச் சாக்கில் இருந்துவிடலாம் என்றும் காத்திருந்தேன். அவர் இரண்டையும் சொல்லவில்லை. “எனக்குப் பயமா கீது,” என்றார். பதினெட்டு வருடத்தில் அந்த மனிதர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை உறையைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நேரே அந்தப் பெண் பொறியாளரின் அறைக்குப் போனேன். உறையை மேசைமேல் வைத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, தன் கைக்குட்டையால் உறையை இரண்டு தேய்ப்புத் தேய்த்து, சின்ன மீட்டர் ஒன்றை அதற்கு நேரே பிடித்தார். எண் சரசரவென்று ஏறியது. அவர் முகத்தில் கோபம் இருக்கும் என்று பார்த்தேன். இல்லை, பயம் இருந்தது.

“இது தொட்டாதான் அடிக்கும்னு இல்லை,” என்றார், எனக்குச் சொல்வதுபோலவும் தனக்கே சொல்வதுபோலவும். “பக்கத்துல இருந்தாலே போதும். போர்டுல இருக்கிற எலக்ட்ரானை ஒரு பக்கமா இழுக்கும், இல்ல தள்ளும். அந்த நேரம் பார்த்து எர்த்ல இருக்கிற உங்க கையோ சால்டரிங் அயர்னோ பட்டுதுன்னா, படக்குனு பாயும். நீங்க ஸ்ட்ராப் ஒழுங்காதான் போட்டிருந்தீங்க, ரெண்டு பேரும்.”

பிறகு காகிதத்தை எடுத்தார். “எந்தத் தேதியில மாட்டினீங்க?”

அந்தத் தேதி எனக்கு மறக்காது. ஸ்கேன் எடுத்த செவ்வாய்க்கிழமை. கழற்றிய தேதியும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். “முதல் ரெண்டு வாரம் ஒண்ணும் சாகலேன்னு அந்த நாள் போர்டை நாங்க சந்தேகமே படல. உங்க ஷிப்டையும் படல,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “பதினோரு நாள் முன்னால சொல்லியிருந்தா நாலு லாரி கிளம்பியிருக்காது,” என்றார்.

அன்று மத்தியானமே என்னை மேசையிலிருந்து எழுப்பினார்கள். மாதக் கடைசியோடு போதும் என்றார் சூப்பர்வைசர். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டிலிருந்து ரயிலேறிக் கூடுவாஞ்சேரி போனேன். அவள் வீடு ஒரு மாடிக் குடியிருப்பின் பின்கட்டு. கிரில் கதவைத் திறக்காமல் உள்ளே நின்று கேட்டாள். பக்கத்தில் அவள் மகள் சீருடைத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து அவளை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள், காரணத்தையும் சொல்லியிருந்தார்கள்.

“தெரியாம மாட்டுன. அத்த நான் வுட்டுட்டேன்,” என்றாள். “கயிட்டி எடுத்தியே, அன்னிக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்ல? என் நம்பர் உங்கிட்ட கீது.”

“பயந்துட்டேன்.”

“நானும்தான் பயந்துகினு இருந்தேன், பத்து எடத்துல வேல கேட்டுகினு. ஆஸ்பத்திரி மெஷின்ல கைய வெச்சவன்னு ஒருத்தனும் சேத்துக்கல.”

அக்கா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்டேன். “கொளந்தைக்கு சாப்பாடு போடணும்,” என்று உள்ளே போய்விட்டாள். அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள் என்று பிறகு பஸ்ஸில் வரும் ஒருத்தி சொன்னாள்.

ஒன்றரை மாதம் கழித்து அந்தப் பொறியாளர் போன் செய்தார். முடிவு தெரிந்தால் சொல்லுங்கள் என்று நான்தான் கெஞ்சிக் கேட்டிருந்தேன். திரும்பி வந்த பெட்டிகளில் என் ஷிப்ட் போர்டுகளைக் கடும் சூட்டில் வைத்துச் சோதித்ததில் மூன்று அடிபட்டிருந்தன. இரண்டு பெட்டி மட்டும் இயந்திரத்துக்குள் பொருத்தப்பட்டு வெளியே போய்விட்டது, தேடிக்கொண்டிருக்கிறோம், பெரும்பாலும் கிடைத்துவிடும் என்றார். பெரும்பாலும் என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு நான் போனைப் பிடித்தபடி நின்றேன். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

இப்போது ஈ.சி.ஆரில் ஒரு ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறேன். காப்பீட்டு அட்டை போன மாதத்தோடு முடிந்தது. வியாழக்கிழமைகளில் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் காலை ஆறு மணிக்கு வரிசையில் நிற்கிறோம். வரிசை நகர நகர வீட்டுக்காரர் நாலடி வைத்து நிற்பார், மூச்சு வாங்குவார், மறுபடி நாலடி. போன வியாழன் எங்களுக்கு முன்னால் எழுபது பேராவது இருந்தார்கள். நான் முன்னால் போய் நிலைமையைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

“வாணாம்,” என்றார். “எல்லாருக்கும்தான் முடியல.”

நடைபாதையின் ஓரத்தில் அவரை உட்காரவைத்துவிட்டு, அவர் இடத்தில் நான் நின்றேன்.